இடது கண் சரிந்த உடும்பு

எல்ஸி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் எழுதியிருந்ததை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கின் பதிவு முகப்பில் உட்கார்ந்திருப்பவள் அவள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் வெறும் வயிறு என்றுதான் அர்த்தம். ரொட்டி சானாயைத் தின்றுவிட்டு வந்து, "ஒண்ணே ஒண்ணுதான் லா" என்று இளிப்பவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். எழுத்து என்றால் எழுத்து. பள்ளிக்கூடம் என்பது வேறு தேசம், அங்கே எழுதுவது ஒன்று, நடப்பது வேறொன்று என்பதை அந்தப் பாவிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் பெயர் பெல்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் கார் கழுவுகிற கடையும் நிற்கின்றன. பெயர்ப் பலகையில் மட்டும் தோட்டம் பத்திரமாக இருக்கிறது. இல்லாததைப் பலகையில் எழுதி மாட்டிவைப்பது அந்தப் பள்ளிக்குப் பழகிப்போன ஒன்று.

சுற்றறிக்கையை அனுப்பியது மாவட்டக் கலைத்திறன் மேம்பாட்டுச் செயற்குழு. இப்படி ஒரு குழு உயிரோடு இருக்கிறது என்பதே அது சுற்றறிக்கை அனுப்பும்போதுதான் ஊருக்குத் தெரியும். இது படைப்பாற்றல் மாதமாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டு ஒரு கலைப் படைப்பு செய்துகொண்டு வரவேண்டுமாம். தலைப்பு: 'என்னைச் சுற்றி நான் காண்பவை'. படைப்பு முழுக்க முழுக்க மாணவரின் சொந்தக் கைவண்ணமாகவும் சொந்தக் கற்பனையாகவும் இருத்தல் வேண்டும். தேர்வு பெறும் படைப்புகள் பள்ளியின் உடைமையாகும். மாதிரிக்கு ஒவ்வாத படைப்புகள் அன்றைய தினமே பெற்றோரிடம் திருப்பித் தரப்படும்.

கீழே மாதிரிப் படம். பிளாஸ்டிக் கரண்டிகளை ஒட்டிச் செய்த மயில்.

ஈப்போவில் வரிசை வீட்டுப் பிள்ளையைச் சுற்றி மயில் எங்கே உலாத்துகிறது என்று கேட்கக் கூடாது. அது சொந்தக் கற்பனை.

வகுப்பாசிரியை தினேஸ்வரி அன்று மாலையே வகுப்பின் வாட்சப் குழுவில் விளக்கம் போட்டாள். பள்ளிக்காரர்கள் அதைப் புலனம் என்பார்கள். பெயரைத் தமிழாக்கிவிட்டால் அதில் வருவதெல்லாம் தமிழாகிவிடும் என்று நினைப்பு. "அன்பார்ந்த பெற்றோர்களே, பிள்ளைகள் சுதந்திரமாகச் செய்யட்டும். தோகை விரிந்திருக்க வேண்டும். கழுத்து நீலம். பக்கவாட்டில் பார்ப்பதால் கண் ஒன்று போதும்."

ஒரு தாய் கேட்டாள்: "டீச்சர், வீட்டுல பழைய கரண்டி இல்ல. புதுசு வாங்கலாமா?"

"வாங்கலாம். வாங்கிப் பழையதாக்கிக்கொள்ளவும்."

முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் எல்ஸி பசை வாங்கப் போனாள். பள்ளிக்கு எதிரில் கார்த்திகேசுவின் எழுதுபொருள் கடை. பள்ளிக்கூடம் அடிக்கிற ஒவ்வொரு கூத்துக்கும் முதலில் சலங்கை கட்டுவது அவர்தான்.

"கம்மு மட்டும் போதுமாக்கா? மயில் வேணாமா?"

"இல்லண்ணே, பிள்ள செய்யும்."

கார்த்திகேசு கல்லாவிலிருந்து நிமிர்ந்து, உடம்புக்கு முடியாதவளைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தார். "எந்தப் பிள்ள?"

"என் பிள்ளதான். ஜானிஸ்."

"அக்கா, இங்க வாங்க. மூணு பேக்கேஜ் வச்சிருக்கேன். ஏ பேக்கேஜ்னா சாமான் மட்டும், நீங்க வீட்டுல ஒட்டிக்கலாம். பி பேக்கேஜ்னா ஒட்டி, சாயம் அடிச்சி, நேரா, அழகா. சி இருக்கே, அதான் ஓட்டம். பிள்ள செஞ்ச மாதிரியே இருக்கும். அது கொஞ்சம் வெல கூட."

"கோணலா இருக்கறதுக்கு ஏண்ணே வெல கூட?"

"நேரா ஒட்டறது என்னா லா, யாரும் ஒட்டலாம். கோணலாவும் இருக்கணும், விழவும் கூடாது. பசை வழியணும், ஆனா அசிங்கமா வழியக் கூடாது. நம்ம நல்லம்மாதான் உக்காந்து ஒவ்வொண்ணா இடது கையால ஒட்டறா. பாவம், ராத்திரி தோள்பட்டை வலின்னு தைலம் போடறா."

உள்ளேயிருந்து அவர் மனைவி நல்லம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். கையெல்லாம் நீலம். எல்ஸி பசைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று கார்த்திகேசு அவள் காதுபடவே சொன்னார்.

வீட்டில் எல்ஸி மகளைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்தாள். "ஜானிஸ், ஒன்னச் சுத்தி நீ என்னா பாக்கிறியோ அதச் செய்யணுமாம். என்னா பாக்கிற?"

"போபோ," என்றாள் ஜானிஸ். யோசிக்கவே இல்லை.

போபோ என்பது வீட்டுக்குப் பின்னால் லோங்காங்கில் குடியிருக்கும் உடும்பு. பெரிய சாக்கடை அது, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் ஓடும். மழை விட்டதும் உடும்பு மெதுவாக ஏறி வந்து சிமெண்டு விளிம்பில் படுத்துக்கொள்ளும். ஜானிஸ் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதனிடம் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்வாள். அது நாக்கை நீட்டி நீட்டிக் கேட்கும். அந்தப் பள்ளிக்கூடத்துச் சமாசாரத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே உயிர் அதுதான்.

அப்பா ரோய்ஸ்டன் கமுந்திங்கில் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறவன், சனி ஞாயிறுதான் வீடு. அவனுடைய தேய்ந்த சிலிப்பர் இரண்டும் உடம்பாயின. முட்டை அட்டையைப் பிய்த்து முதுகுச் செதில். கேக் பெட்டியில் கட்டியிருந்த சிவப்பு நாடா நாக்கு. பழைய சட்டையின் பொத்தான் இரண்டு கண்கள். எல்ஸி ஒரு விரல் கூட வைக்கவில்லை. 'சொந்தக் கைவண்ணம்' என்று எழுதியிருக்கிறதே! பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டியது, பிய்த்தது, மறுபடி ஒட்டியது, சாயந்திரம் வரை சோறு தண்ணி நினைப்பில்லை. கடைசியில் ஆசை தாங்காமல் பசை காய்வதற்குள் தூக்கி அப்பாவிடம் காட்டிவிட்டது. அவ்வளவுதான், இடது கண் வழுக்கிக்கொண்டு கன்னத்துக்கு வந்து நின்றது.

"அம்மா! கண்ணு கீழ வந்திருச்சு!" ஜானிஸ் அழ ஆரம்பித்தாள். "போபோவுக்கு வழி தெரியாதும்மா!"

"அழாதடி. இப்பப் பிச்சா செதிலும் சேந்து வந்துரும். நாளன்னிக்குக் கொடுத்துட்டு, ஸ்கூல்லருந்து திரும்பி வந்ததும் தண்ணி தொட்டு மெல்ல எடுத்து ஒட்டிக்கலாம்."

"சத்தியமா வந்துருமா?"

"சத்தியமா வந்துரும்."

தாய் பிள்ளைக்குக் கொடுத்த சத்தியம். அது பள்ளிக்கூடத்தின் கையில் மாட்டிக்கொள்ளும் என்று அவள் கண்டாளா?

கண்காட்சி நாள் காலையில் எல்ஸிக்குப் போன் வந்தது. உடனே வந்து உங்கள் படைப்பை எடுத்துக்கொண்டு போங்கள், அதிகாரி வருவதற்குள். கிளினிக்கில் சொல்லிவிட்டு ஓடினாள். மண்டபத்தில் வரிசை வரிசையாக மயில்கள். அத்தனையும் ஒரே பக்கம் பார்த்தன. ஒரே இடத்தில் பசை வழிந்திருந்தது. நல்லம்மாள் சும்மா சொல்லக் கூடாது, தொழில் சுத்தம்.

தினேஸ்வரி டீச்சர் கெட்டவள் இல்லை, பயந்தவள். "எல்ஸிக்கா, என்னாக்கா இது?"

"உடும்பு டீச்சர்."

"அது தெரியுதுக்கா. ஏன் மயில் இல்ல?"

"எங்க வீட்டுப் பின்னால மயில் இல்ல டீச்சர்."

டீச்சர் மதிப்பீட்டுத் தாளைக் காட்டினாள். தோகை விரிந்துள்ளதா? இல்லை. கழுத்து நீலமா? இல்லை. கண் ஒன்றா? இரண்டு. ஒரு கண் கூடுதலாக இருந்ததற்குப் புள்ளி கழித்திருந்தார்கள்.

டீச்சர் அவளைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போய் உடும்பைத் தரையில் வைத்தாள். தலைமையாசிரியர் பவித்ரன் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேடையில் பேசிப் பேசி, வீட்டில் உப்புக் கேட்டாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்பார்கள்.

"அம்மா, குழந்தைகளின் கற்பனைக்கு இந்தப் பள்ளி என்றைக்குமே எல்லை வகுத்ததில்லை. எல்லைகள் யாவும் மேலிடத்திலிருந்தே தயாராக வந்துவிடுகின்றன. நாங்கள் அவற்றைக் கடைப்பிடிப்பதோடு சரி. அது போகட்டும். இதை உங்கள் மகள்தான் செய்தாள் என்பதற்குச் சான்று என்ன?"

"சான்றா? அவதான் சார் செஞ்சா. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"காணொளி?"

காணொளி இல்லை. மற்ற பெற்றோர் எல்லாரும் அனுப்பியிருந்தார்கள். டீச்சர் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். முடிந்துபோன மயிலுக்குப் பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்து மூடின கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இன்னொன்றில் ஓரத்திலிருந்து வளையல் போட்ட கை ஒன்று வந்து கரண்டியை ஒட்டிவிட்டுப் போனது. அதுவும் ஏற்கப்பட்டிருந்தது, பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிந்ததால்.

"ஆக, இப்பள்ளியில் சொந்தமாகச் செய்ததற்குச் சான்று இல்லாத ஒரே படைப்பு உங்களுடையது," என்றார் பவித்ரன். "வருத்தமாகத்தான் இருக்கிறது. நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

எல்ஸிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சரி, வீட்டுக்குத்தானே கொண்டுபோகச் சொல்கிறார்கள், பிள்ளைக்குச் சொன்ன சொல் நிறைவேறட்டும் என்று உடும்பைத் தூக்கப் போனாள். அதற்குள் வாசலில் மேளம் கேட்டது. அதிகாரி அரைமணி முன்னாலேயே வந்துவிட்டார். பவித்ரன் உடும்பைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மாலையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வந்தவர் கனகராஜ், செயற்குழுவின் துணை ஒருங்கிணைப்பாளர். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், மாலைக்கு மேல் பொன்னாடையும் பொன்னாடைக்கு மேல் இன்னொரு மாலையுமாகப் பெருமாள் மாடு போல் அவர் மேடையேறினார். மயில்களைப் பார்த்தார். கண் கலங்கினார்.

"அறுபது மாணவர்கள்! அறுபது மயில்கள்! ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை!" என்றார். "நான் சிறுவனாக இருந்தபோது எனக்கும் ஓவியம் வரைய ஆசை இருந்தது. என் ஆசிரியர் என் கையில் பிரம்பால் அடித்தார். அதனால்தான் இன்று நான் இந்தப் பதவியில் இருக்கிறேன். ஆகவே, கலையின் அருமையை என்னைக் காட்டிலும் அறிந்தவர் யார்?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்லும் வரை தட்ட வேண்டும் என்று பயிற்சி.

அதோடு இறங்கிப் போயிருக்கலாம். மனிதருக்குப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. "ஒரு மாணவர் என் முன்னிலையில் ஓர் இறகை ஒட்டட்டும். பத்திரிகைக்கு நன்றாக இருக்கும்."

பவித்ரனின் முகத்தில் வேர்வை கொட்டியது. முதல் பரிசு வாங்கிய ஷர்வினை மேடைக்கு அழைத்து, கையில் கரண்டியையும் பசையையும் கொடுத்தார்கள். ஷர்வின் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒலிபெருக்கியில் கேட்டான்: "சார், சோறு எங்க?"

இரண்டாவது பரிசுக்காரியைக் கூப்பிட்டார்கள். "எங்கம்மா வேலைக்குப் போயிட்டாங்க சார்," என்று அவள் காரணம் சொன்னாள். மூன்றாவது பையன் கொஞ்சம் கெட்டிக்காரன். "நான் கத்தரிக்கோலு மட்டுந்தான் புடிப்பேன் சார்."

கனகராஜ் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். பவித்ரன் மேடைத் தமிழையெல்லாம் மறந்து தினேஸ்வரியிடம் ஓடினார். "டீச்சர், அந்த உடும்புப் பிள்ள எங்க? சீக்கிரம் கூட்டிட்டு வாங்க! அதையும் தூக்கிட்டு வாங்க!"

மேசைக்கு அடியில் கிடந்த போபோ மேடைக்குப் போனது. கூடவே ஜானிஸும் போனாள். அவளுக்கு மேடை, அதிகாரி, பத்திரிகை எதுவும் கண்ணில் படவில்லை. மேசையில் பசை இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்து உடும்பின் கன்னத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்கிறாய் குழந்தாய்?" என்றார் கனகராஜ்.

"இது போபோ சார். லோங்காங்குல இருக்கு. பசை காயறதுக்குள்ள தூக்கிட்டேன், கண்ணு சரிஞ்சிருச்சு. இப்ப எடுத்து மேல ஒட்டப்போறேன்."

இதற்கு மேல் ஒரு பிள்ளை எப்படித் தெளிவாகச் சொல்லும்? ஆனால் கனகராஜ் அதிகாரி. தெளிவாகச் சொன்னால் அவருக்குப் புரியாது.

"தொடாதே!" என்று கத்தினார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. "சரிந்த கண்! பெருமக்களே, கவனியுங்கள். வலது கண் மேலே பார்க்கிறது. இடது கண் கீழே பார்க்கிறது. வானையும் பார்க்கிறோம், வேரையும் மறக்கவில்லை. இது உடும்பா? இல்லை! இது நம் சமுதாயம்! இந்தக் கண்ணை நிமிர்த்த எவனுக்கும் உரிமை இல்லை!"

"எனக்கு இருக்கு சார், நாந்தானே செஞ்சேன்," என்றாள் ஜானிஸ். யாரும் கேட்கவில்லை. கைதட்டல் பயிற்சிப்படி நடந்துகொண்டிருந்தது.

உடும்பு அந்த இடத்திலேயே பள்ளியின் உடைமை ஆயிற்று. பிள்ளை ஓவென்று அழுதது. "எனக்குப் போபோ வேணும்! அம்மா சத்தியம் பண்ணாங்க!" பவித்ரன் ஒலிபெருக்கியை வாங்கி, "ஆனந்தக் கண்ணீர்!" என்று சபைக்கு அறிவித்தார். கடைசி வரிசையில் நின்றிருந்த எல்ஸி மேடைப் பக்கம் ஓடினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து சேர்வதற்குள் தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் அசையாமல் நிற்கவேண்டியதாயிற்று.

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பெட்டி முளைத்தது. உள்ளே போபோ. கீழே பித்தளைத் தகடு: 'சரிந்த கண். பெல்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கூட்டுப் படைப்பு. வழிகாட்டல்: தலைமையாசிரியர் திரு. பவித்ரன். ஊக்கம்: திரு. கனகராஜ்.' ஜானிஸ் என்ற பெயருக்குத் தகட்டில் இடம் போதவில்லை.

எல்ஸி போய்க் கேட்டாள். செயற்குழு கூடினால்தான் முடிவு என்றார்கள். மறுபடி போனாள். கூடியது, ஆனால் அது சிற்றுண்டிக்கு என்றார்கள். மூன்றாம் தடவை போனபோது, பெட்டிச் சாவி செயற்குழுவில் இருக்கிறது என்றார்கள். உடும்புப் பிடி என்பார்களே, அதை உடும்பைவிட நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த அலுவலகக்காரர்கள்தான்.

ரோய்ஸ்டன் சொன்னான்: "விட்டுத் தொலைடி. மயிலே மயிலேன்னா எறகு போடுமா?"

"சத்தியம் பண்ணிட்டேங்க."

ஜானிஸ் ஓய்வு நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பாள். கண்ணாடியில் விரலை வைத்து, உள்ளே இருக்கிற பொத்தானை மேலே தள்ளுவது போல் தள்ளுவாள். கண்ணாடியில் கை ரேகை படுகிறது என்று அவளுக்கு இரண்டு முறை எச்சரிக்கை கிடைத்தது.

ஒரு வருடம் போயிற்று. ஜானிஸ் மூன்றாம் ஆண்டு. படைப்பாற்றல் மாதமும் வந்தது, இந்தத் தடவை மூன்றாம் ஆண்டுக்கும் சேர்த்து. அதே தலைப்பு, அதே சொந்தக் கைவண்ணம், அதே சொந்தக் கற்பனை. மாதிரி மட்டும் மாறியிருந்தது. உடும்பு. இடது கண் வலது கண்ணைவிட இரண்டு விரற்கடை சரிந்திருத்தல் வேண்டும். நாக்கு சிவப்பு. வீட்டில் தேய்ந்த சிலிப்பர் இல்லாதோர் புதியதை வாங்கித் தேய்த்துக்கொள்ளலாம். ஈப்போவில் அந்த வாரம் காலில் புதுச் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு ரோட்டில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தவர்கள் எல்லாரும் பெல்மோர் பள்ளிப் பெற்றோர்தான்.

ஜானிஸ் புதிதாக ஒன்று செய்தாள். "இந்தத் தடவ காயற வரைக்கும் தொடவே இல்லம்மா," என்று பெருமையாகக் காட்டினாள். இரண்டு கண்ணும் நேராக இருந்தன. உடும்பு நேராகப் பார்த்தது.

அன்று மதியமே அது திரும்பி வந்தது. கண் சரியவில்லை. மறுபடி செய்யவும். பெற்றோர் தலைமையாசிரியரைச் சந்திக்கவும்.

பவித்ரன் எல்ஸியை அடையாளம் தெரிந்தது போல் பார்த்தார், ஆனால் தெரியவில்லை. "அம்மா, உங்கள் மகளுக்கு முயற்சி போதாது. போன வருடம் இதே பள்ளியில் ஒரு குழந்தை எவ்வளவு அற்புதமாகச் செய்தது! அந்தக் கண்ணைப் பாருங்கள். அந்தச் சரிவு உங்கள் பிள்ளைக்குக் கைவரவில்லையே."

எல்ஸி கேட்டாள்: "அந்தப் பிள்ள பேரு என்னா சார்?"

"பெயரா முக்கியம்? படைப்பல்லவா முக்கியம்! சரி, ஒரு உதவி செய்கிறேன். மாதிரியை இன்று ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை பார்த்துப் பழகட்டும். நாளைக் காலை இருந்த இடத்தில் இருக்க வேண்டும்."

சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். ஒரு வருடமாகச் செயற்குழுவில் இருந்த சாவி!

சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை எல்ஸி ஒரு தடவை படித்தாள். 'மாதிரிக்கு ஒவ்வாத படைப்புகள் அன்றைய தினமே பெற்றோரிடம் திருப்பித் தரப்படும்.' இன்னொரு தடவை படித்தாள். பிறகு போபோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராகக் கார்த்திகேசு கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, சி பேக்கேஜ் உடும்பு ஒண்ணு கொடுங்க."

"வந்துட்டீங்களாக்கா!" கார்த்திகேசுவுக்கு முகமெல்லாம் பல். "இப்பவாவது புத்தி வந்துச்சே. ஒரிஜினல்ல இருக்கற மாதிரியே கண்ணு. நம்ம நல்லம்மா பெட்டி முன்னால போயி நின்னு அளவெடுத்துட்டு வந்தா. இந்தாங்க."

அவள் கையிலிருந்த போபோவை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரு செஞ்சது? கண்ணு கொஞ்சம் ஜாஸ்தி எறங்கியிருக்கே. எங்க சரக்கு இல்ல போலருக்கு."

"ஆமாண்ணே. ஒங்க சரக்கு இல்ல."

வீட்டில் ஜானிஸ் போபோவைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். கண்ணை ஒட்ட உடனே பசையைக் கையில் எடுத்தாள்.

"இன்னிக்கு வேணாம் கண்ணு. நாளைக்கு ஒரே ஒரு தடவ அங்க போயிட்டு வரட்டும்."

"திருப்பி வச்சுக்குவாங்கம்மா!"

"மாட்டாங்க. நாளைக்கு நீ ஒண்ணும் பேசாம நில்லு, போதும்."

அப்படியே தூக்கி ஒளித்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாதா? ரோய்ஸ்டன் போனில் அதைத்தான் சொன்னான். ஆனால் நாளைக்கு எவனாவது வந்து, எங்கள் உடைமையைத் திருடினாய் என்று பிள்ளையைக் கைகாட்டக் கூடாது. அவளுக்கு எழுத்து வேண்டும். முத்திரை குத்திய எழுத்து.

மறுநாள் காலையில் சி பேக்கேஜ் உடும்பு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பவித்ரன் தாமே வைத்துப் பூட்டினார். "ஒரு நாள் வெளிக்காற்றுப் பட்டதும் என்ன பொலிவு!" என்றார். போபோ மூன்றாம் ஆண்டு ஜானிஸின் படைப்பாக மேசைக்குப் போனது. மதிப்பிட வந்திருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கனகராஜேதான். ஜானிஸ் அம்மாவின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்ஸி கனகராஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் மட்டும் அடையாளம் கண்டுகொண்டால்? போன வருடம் இதே உடும்பைக் காட்டி மேடையில் முழங்கியவர் அல்லவா?

கனகராஜ் போபோவை இரண்டு விரலால் தூக்கினார். மூக்கைச் சுளித்தார்.

"சரிவு இருக்கிறது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளொளி இல்லை. வெறும் நகல்." கண்ணாடிப் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். "அதோ பாருங்கள் அம்மா. அந்தக் கண்ணில் ஒரு சமுதாயமே தெரிகிறது. இதில் என்ன தெரிகிறது? பசைதான் தெரிகிறது!"

"எங்க பிள்ளைக்கு அவ்வளவுதாங்க சார் வரும்," என்றாள் எல்ஸி.

"முயன்றால் வரும். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்."

ஜானிஸ் வாயைத் திறந்தாள். அம்மா கையை ஒரு அழுத்து அழுத்தினாள். பிள்ளை மூடிக்கொண்டது. உண்மையைச் சொல்லாமல் நிற்கப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும், கற்றுக்கொடுத்துவிட்டது.

தினேஸ்வரி டீச்சர் திருப்பித் தரும் சீட்டை எழுதினாள். எழுதும்போது உடும்பைப் பார்த்தாள், முட்டை அட்டையைப் பார்த்தாள், கன்னத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்த்த பழைய வெள்ளைத் தடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து எல்ஸியைப் பார்த்தாள். எழுதி முடித்துத் தலைமையாசிரியரிடம் நீட்டினாள். பவித்ரன் படிக்காமலே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

'இப்படைப்பு மாதிரிக்கு ஒவ்வாதது. பள்ளிக்குத் தேவையில்லை. பெற்றோர் எடுத்துச் செல்லலாம். இதன் மீது பள்ளிக்கோ செயற்குழுவுக்கோ யாதொரு உரிமையும் இல்லை.'

கடைசி வரி வழக்கமான சீட்டில் கிடையாது. டீச்சராகச் சேர்த்தது.

எல்ஸி சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். போபோவை ஜானிஸ் தூக்கிக்கொண்டாள். தாயும் மகளும் கேட்டைத் தாண்டும் வரை ஓடாமல் நடந்தார்கள், தாண்டியதும் ஓடினார்கள். எதிர்க் கடையிலிருந்து கார்த்திகேசு, "என்னாக்கா, ஃபெயிலா?" என்று வருத்தமாகக் கேட்டார்.

"ஆமாண்ணே, ஃபெயிலு!" என்று எல்ஸி கத்தினாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அன்று சாயந்திரம் மழை பெய்து விட்டிருந்தது. பின்வாசல் படியில் ஜானிஸ் போபோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இவ்வருடத்து நேர்க்கண் உடும்பு. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தைத் தேய்த்தாள். ஒரு வருடப் பசை, லேசில் விடவில்லை. கடைசியில் பொத்தான் கழன்று கையில் வந்தது. புதிதாகப் பசை தடவி, வலது கண்ணுக்கு நேரே வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஒட்டிருச்சா?" என்று எல்ஸி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஷ்ஷ்ம்மா. காயல."

லோங்காங் விளிம்பில் அசல் போபோ ஏறி வந்து படுத்திருந்தது. ஜானிஸ் அதனிடம் ஒன்றும் பேசவில்லை, அசையவும் இல்லை. சோற்றுக்குக் கூப்பிட்டபோதும் விரலை எடுக்காமல், காய்ந்த பிறகுதான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தாள்.